முதலாம் எதிர்தரப்பினர்

கோவில்பட்டி
14.6.2024

பெறுநர்: உரிமையாளர், சுகுணா ஹோம் நீட்ஸ், கழுகுமலை.

பொருள்: பழுதான டிவியை மாற்றித் தரக் கோருதல்.

அம்மா,

தங்கள் கடையில் கடந்த பிப்ரவரியில் நான் வாங்கிய டிவி 9.6.2024 ஞாயிறு மாலை முற்றிலும் செயலிழந்துவிட்டது. பதினைந்து நாட்களுக்குள் புதிய டிவி தர வேண்டும். தவறினால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்வேன்.

பக்கத்து வீட்டு இந்துஜா சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். "இதுக்கு மேல ஒரு வரி எழுதக் கூடாதுக்கா" என்றாள். என்னால் முடியவில்லை. மேலே இருப்பது கடைக்காரிக்கு. இனி வருவது உனக்கு.

சுகுணா, அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு முன்னறையில் முப்பத்திரண்டு பேர். ரூபினா கலந்துகொண்ட வினாடி வினா இறுதிச் சுற்று அன்றைக்குத்தான் ஒளிபரப்பு. ஏப்ரலிலேயே சென்னையில் எடுத்துவிட்டார்கள். ஜெயித்தாளா தோற்றாளா என்று பெற்ற எங்களிடம்கூட அவள் மூச்சு விடவில்லை. சொல்லக் கூடாதென்று எழுதி வாங்கியிருந்தார்களாம். இவர் பழக்கடையை இரண்டு மணிக்கே அடைத்துவிட்டு வந்தார். வீட்டுக்குள் இடம் கிடைக்காதவர்கள் ஜன்னலில் தொங்கினார்கள்.

கடைசிக் கேள்வி. ரூபினாவும் சேலத்து மாணவி ஒருத்தியும் சமமாக நின்றார்கள். ரூபினா பஸ்ஸரை அழுத்தினாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். டிவி அணைந்தது. கரண்ட் இருக்கிறது, ஃபேன் ஓடுகிறது, டிவிக்கு மட்டும் உயிரில்லை. இவர் தட்டிப் பார்த்தார். நான் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். முப்பத்திரண்டு பேரும் திரும்பி ரூபினாவைப் பார்த்தார்கள். அவள் மெதுவாக, "நான் சொன்னது சரியான பதில்தாம்மா. நாந்தான் ஃபர்ஸ்ட்டு" என்றாள். வீடே கத்தியது. நானும் கத்தினேன், அழுதேன். ஆனால் என் மகள் ஜெயித்ததை நான் பார்க்கவில்லை.

உடனே உனக்குப் போன் போட்டேன். "யூடியூப்ல போடுவாங்க, அதுல பாத்துக்கோ. கம்பெனி நம்பருக்குப் பேசு" என்றாய். பேசினேன், பதினொரு முறை. ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று ஒரு பெண்குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. ஆள் வரவேயில்லை.

ஒன்பது வருஷம் ஒரே தீப்பெட்டி ஆபீஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பண்டல் கட்டியவர்கள் நாம். கோவில்பட்டியில் இத்தனை கடை இருக்க, கழுகுமலைக்கு பஸ் ஏறி வந்து உன்னிடம்தான் வாங்கினேன். உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். சொல்வதைத் தபாலில் சொல்.

இப்படிக்கு,
ஹ. நஸீமா


கழுகுமலை
20.6.2024

நஸீமாவுக்கு,

உன் ரிஜிஸ்தர் தபால் வந்தபோது கடையில் நாலு பேர் இருந்தார்கள். கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பெருநாளுக்குக் கூப்பிட்டு எழுதியிருக்கிறாய் என்று நினைத்து, அவர்கள் முன்னாலேயே பிரித்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் மூன்று டிவி ஓடிக்கொண்டிருந்தது. மூன்றிலும் ரூபினாவைத்தான் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் மாரிராஜ் ரோட்டில் போனவர்களையெல்லாம் உள்ளே இழுத்து வந்து காட்டினார். அவள் பதில் சொன்னதும் நான் கைதட்டிக்கொண்டே அழுதுவிட்டேன். அதே நிமிடம் உன் போன். "ஏட்டி, நம்ம பிள்ள ஜெயிச்சிட்டா" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் நீ, "பழைய சரக்கப் புதுசுன்னு என் தலையில கட்டிட்டியே, களவாணி" என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தாய். பின்னால் யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது. அதன்பிறகுதான் கம்பெனி நம்பருக்குப் பேசச் சொன்னேன். உன் கடிதத்தில் இந்தப் பகுதி இல்லை.

அந்த டிவி மதுரை மொத்தக் கடையிலிருந்து சீலோடு வந்தது. சீலை உன் வீட்டில் உன் கண் முன்னால் நானே பிரித்தேன். அது புதுசு. சத்தியமாகப் புதுசு.

மெக்கானிக் செண்பகராஜை அனுப்புகிறேன். நல்ல மனிதர். என்மேல் உள்ள கோபத்தை அவரிடம் காட்டாதே.

சுகுணா


கோவில்பட்டி
1.7.2024

சுகுணாவுக்கு,

செண்பகராஜ் அண்ணாச்சி வந்தார். டிவியின் முதுகைக் கழற்றி உள்ளே பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார்.

"இத ஏற்கெனவே யாரோ கழத்தியிருக்காவக்கா. ஸ்குரூ பூராம் மாத்திப் போட்டிருக்கு. உள்ள பாருங்க, ஈயம் வச்சுப் பத்தியிருக்கு. புது டிவியில இப்படி இருக்காது."

பின்பக்கம் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு மறுபடி கம்பெனிக்குப் போன் போட்டேன். இந்த முறை ஆள் கிடைத்தது. எண்ணைச் சொன்னதும் அந்தப் பிள்ளை தயங்கிவிட்டுச் சொன்னது: "மேடம், இது 2021 நவம்பர்லயே வித்த டிவி. ரிப்பேர்னு திரும்பி வந்திருக்கு." ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைத்தான் அன்றைக்குச் சொன்னேன். அது உண்மையாக இருக்கும் என்று நானே நினைக்கவில்லை.

பேங்குக்கும் ஓடினேன், டிவித் தவணையை நிறுத்தச் சொல்லி. "டிவி ஓடுதா ஓடலையான்னு பேங்குக்குத் தெரியாதும்மா. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கிய, மாசம் அஞ்சாந்தேதி அது பாட்டுக்குப் போவும்" என்றார்கள். ஓடாத டிவிக்கு ஓடுகிற தவணை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பழைய டிவி என்று தெரிந்துதான் விற்றாயா? ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் எழுது.

நஸீமா


கழுகுமலை
5.7.2024

நஸீமாவுக்கு,

இல்லை.

இதைக் கேட்டு எழுதும் அளவுக்கு வந்துவிட்டாய். வழக்குப் போடு. என் பெயரைத் தப்பில்லாமல் எழுது: மா. சுகுணா.

ரூபினாவுக்குக் கல்லூரி கிடைத்துவிட்டதா? இதற்கு நீ பதில் எழுத வேண்டியதில்லை.

சுகுணா


கோவில்பட்டி
11.7.2024

சுகுணா,

பதில் எழுத வேண்டியதில்லை என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. நேற்று நடந்ததை இவரிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன். நாலாவது முறை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறார்.

திருநெல்வேலி கல்லூரியில் ரூபினாவுக்கு பி.எஸ்ஸி. இயற்பியல் கிடைத்தது. ஃபீஸ் கட்ட நேற்று கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் டி.டி. எடுத்து ஆபீஸில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் சீட்டு அடுத்த பிள்ளைக்கு. கணக்கில் இருக்கிறது என்று தைரியமாக பேங்குக்குப் போனால், "பேலன்ஸ் பத்தலயேம்மா" என்கிறார்கள். பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தால், அந்த டிவித் தவணையை ஒரே மாதத்தில் இரண்டு முறை எடுத்திருக்கிறார்கள்.

"கம்ப்யூட்டர் எடுத்திருக்கு. எழுதிக் குடுங்க, ஏழு நாள்ல திரும்ப வந்திரும்" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"ஏழு நாளா? எம் பிள்ளைக்கு ஏழு மணி நேரங்கூடக் கிடையாது. கம்ப்யூட்டர் எடுத்தா கம்ப்யூட்டரயே திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க."

"தள்ளி நில்லுங்கம்மா. அடுத்த ஆள் வாங்க."

எனக்குப் பின்னால் சீனி என்று ஒரு பென்ஷன்காரர் நின்றிருந்தார். முன்பின் தெரியாது. அவர் நகரவில்லை. "இந்தம்மாவுக்கு முடிக்காம நான் வர மாட்டேன்" என்றார். அவருக்கு அடுத்து நின்ற பெண்ணும் தலையை ஆட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். சுகுணா, வரிசை முழுக்க அப்படியே நின்றது. ஒரு ஆள் கவுண்டருக்குப் போகவில்லை. உள்ளே இருந்த தீபலட்சுமி என்ற பெண் எழுந்து வந்து என் பாஸ்புக்கை வாங்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். அங்கே இங்கே போன் பேசி, இரண்டாவதாக எடுத்ததைத் திரும்பப் போட்டு, டி.டி. என் கைக்கு வரும்போது மணி மூன்றேகால்.

நானும் ரூபினாவும் ஓடிப்போய் திருநெல்வேலி பஸ்ஸைப் பிடித்தோம். கயத்தாறில் ஆள் ஏற்ற நின்றபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். "நீங்க நின்னா பஸ்ஸு வேகமாப் போவாதும்மா, உக்காருங்க" என்றார் கண்டக்டர். விஷயத்தைச் சொன்னதும் அவரே டிரைவரிடம் போய் ஏதோ சொன்னார். அதற்குப் பிறகு பஸ் பறந்தது. இறங்கி ஆட்டோ பிடித்து, கல்லூரி ஆபீஸ் படியேறும்போது நாலு ஐம்பத்தெட்டு. கிளார்க் பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்தார். ரூபினா மூச்சு வாங்கியபடி டி.டி.யை நீட்டினாள். ரசீதில் சீல் விழுந்தது. ரூபினா என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். அந்த இடத்தில் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

அதற்காக வழக்கு நிற்காது. வருகிற திங்களன்று இந்துஜாவோடு தூத்துக்குடி போய் மனு கொடுக்கிறேன். நீ முதலாம் எதிர்தரப்பினர். மதுரை மொத்தக் கடைக்காரர் இரண்டாம் எதிர்தரப்பினர். உன் பெயரைத் தப்பில்லாமல் எழுதிவிட்டேன்.

நஸீமா


கழுகுமலை
27.8.2024

நஸீமா,

ஆணையத்தின் நோட்டீஸ் வந்தது. அதைப் படித்துவிட்டு நான் செய்த முதல் வேலை, மதுரையிலிருந்து வாங்கிய சரக்குக்கான பட்டியல்களை எல்லாம் எடுத்துக் கட்டிலில் பரப்பியதுதான். டிவி, வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்த்து இரண்டு வருஷத்தில் நாற்பத்தொரு பொருள். ஒவ்வொன்றின் எண்ணையும் அந்தந்தக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டோம். நான் எண்ணை வாசிக்க மாரிராஜ் எழுதினார். நாலு நாள் ஆனது. நாற்பத்தொன்றில் பதினேழு, ஏற்கெனவே யாரிடமோ விற்று, பழுதாகித் திரும்பியவை. புது அட்டைப்பெட்டி, புது சீல், உள்ளே பழையது.

அதாவது, நீ ஸ்பீக்கரில் சொன்னது சரி. களவாணி என்ற சொல்லைத் தவிர.

மதுரைக்குப் போனேன். மொத்தக் கடைக்காரர் காபி வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு அம்மாதானே கேஸ் போட்டிருக்காங்க? புது டிவி ஒண்ணு தர்றேன், கொடுத்து வாபஸ் வாங்கச் சொல்லுங்க. மத்த பதினாறு பேருக்கு எதுக்குத் தெரியணும்? தீபாவளிச் சரக்கு முதல்ல உங்க கடைக்குத்தான்."

உன்னிடம் மறைக்க மாட்டேன். அந்த டிவியை வாங்கி வந்தேன். எண்ணைச் சரிபார்த்தேன், நிஜமான புதுசு. போன வியாழக்கிழமை அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்தேன். உன் தெரு முனைக்கே வந்துவிட்டேன். உன் வீட்டு வாசலில் ஜமுக்காளம் காய்ந்துகொண்டிருந்தது. அப்போது போன் அடித்தது. எங்கள் ஊர்த் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற வெயிலம்மாள். போன வருஷம் என்னிடம் வாஷிங் மெஷின் வாங்கியவள்.

"சுகுணா, மெஷினு தண்ணி எடுக்க மாட்டேங்கு. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போ. எம் மருமவ கம்பெனிக்குப் போன் போடுவோம்னா. அதெல்லாம் வேண்டாம், சுகுணாகிட்ட வாங்கினது, அவ பாத்துக்கிடுவான்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றாள்.

அவளுடைய மெஷினும் அந்தப் பதினேழில் ஒன்று.

ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். டிவியை மதுரைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். நஸீமா, வழக்கை வாபஸ் வாங்காதே. யார் வந்து என்ன கொடுத்தாலும் வாங்காதே. பதினேழு பட்டியலையும் எடுத்துக்கொண்டு ஆணையத்துக்கு வருகிறேன். நடந்தது அத்தனையையும் சொல்லப் போகிறேன். முடிவு செய்த நிமிடத்திலிருந்து எனக்குப் பசி எடுக்கிறது. இரண்டு மாதமாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

சுகுணா


கோவில்பட்டி
2.9.2024

சுகுணா,

உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

இந்துஜாவிடம் காட்டினேன். அவள் சந்தோஷப்படவில்லை. "அந்தக்கா ஒத்துக்கிட்டா, வித்தது அவியதான்னு அவிய மேலயும் உத்தரவு வரும். மதுரைக்காரர் நைசா நழுவப் பாப்பாரு" என்கிறாள். அதோடு, இனி மதுரையிலிருந்து உனக்கு ஒரு மிக்ஸி மூடிகூட வராது. மற்ற மொத்தக் கடைக்காரர்களும் உன்னைக் கண்டு பயப்படுவார்கள். கடையை மூட வேண்டி வந்தால் என்ன செய்வாய்? மறுபடியும் பண்டல் கட்டப் போவாயா?

அதனால் இதைக் கேள். ஒரு மனு போட்டு உன் பெயரை வழக்கிலிருந்து எடுத்துவிடலாமாம். மதுரைக்காரர் மேல் மட்டும் நடத்துகிறேன். நீ அந்தப் பட்டியல்களை மட்டும் எனக்கு அனுப்பு.

அன்றைக்கு ஸ்பீக்கரில் போட்டது வேண்டுமென்றுதான். நாலு பேர் கேட்கட்டும் என்றுதான். சிரித்தது என் நாத்தனார். நானும் அதைத் தடுக்கவில்லை. இந்த வரியை இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறேன்.

நஸீமா


கழுகுமலை
6.9.2024

நஸீமா,

என் பெயரை எடுக்காதே.

பெயரை எடுத்துவிட்டு நீ பட்டியலை நீட்டினால், இது எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அவர் கொடுத்தார், நான் விற்றேன் என்று சொல்ல என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? விற்றவளாக நின்று சொன்னால்தான் அது நிற்கும். மாரிராஜிடமும் கேட்டுவிட்டேன். "கடை போனா இன்னொரு கட வைப்போம்" என்றார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி ரொம்ப நாளாகிறது.

விசாரணை அக்டோபர் 22ஆம் தேதி என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது. வருகிறேன்.

சுகுணா


கோவில்பட்டி
23.10.2024

ஏட்டி சுகுணா,

நேற்று ஏன் நிற்காமல் போனாய்? வராண்டாவில் மூன்று முறை கூப்பிட்டேன். கேட்காதது போல விறுவிறு என்று படியிறங்கிவிட்டாய். நான் வருவதற்குள் பஸ் ஏறிவிட்டாய்.

நீ எப்படிப் பேசினாய் என்று உனக்கே தெரியாது. அதனால் நான் எழுதுகிறேன். மதுரைக்காரரின் வக்கீல் எழுந்து, "எங்கள் கட்சிக்காரர் புதிய பொருளைத்தான் அனுப்பினார். இந்தக் கடைக்கார அம்மாள் பழையதை மாற்றி வைத்து விற்றுவிட்டு இப்போது பழியைத் தூக்கிப் போடுகிறார்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இந்துஜா என் கையைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

நீ எழுந்தாய். கட்டைப் பையிலிருந்து பதினேழு பட்டியலையும் எடுத்து மேஜையில் அடுக்கினாய். "நான் வித்ததுதான்யா. தெரியாம வித்தேன். தெரியாம வித்தாலும் வித்தது நாந்தான்" என்றாய். "இப்படிச் சொன்னா உங்க மேலயும் உத்தரவு வரும், தெரியுமாம்மா?" என்று தலைவர் கேட்டார். "தெரியும்யா. வரட்டும்யா" என்றாய். பிறகு ஒரு பட்டியலை எடுத்து நீட்டினாய். "லாரியில சரக்கு ஏத்தும்போது அவிய போட்டுக் குடுத்த சீட்டு இது. டிவி நம்பரு இதுல இருக்கு, அவிய கட சீலும் இருக்கு. அதே நம்பருதான் இந்தா உக்காந்திருக்காவளே, இவிய வீட்டு டிவியில இருக்கு. நான் எங்கன மாத்தினேன்னு வக்கீல் சாரு சொல்லட்டும்யா."

வக்கீல் தாளைப் புரட்டினார், புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார். பின்வரிசையில் தங்கள் வழக்குக்காகக் காத்திருந்தவர்கள்கூட எட்டி எட்டிப் பார்த்தார்கள். வழக்குப் போட்டவள் நான். ஆனால் நீ பேசி முடித்தபோது, ஜெயிக்க வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டது எனக்காக இல்லை, உனக்காக.

ஏன் நிற்கவில்லை என்று எழுது.

நஸீமா


கழுகுமலை
20.1.2025

நஸீமாவுக்கு,

மூன்று மாதம் கழித்துப் பதில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். அன்றைக்குத் திரும்பியிருந்தால் உன்னைப் பார்த்து அழுதிருப்பேன். அந்த வக்கீல் வராண்டாவில்தான் நின்றிருந்தார். அவர் முன்னால் அழக் கூடாதென்று ஓடிவிட்டேன். அதன்பிறகு உத்தரவு வரட்டும் என்று இருந்தேன்.

உத்தரவு உனக்கும் வந்திருக்கும். மதுரைக்காரர் உனக்குப் புது டிவியும் நஷ்டஈடும் தர வேண்டும். வழக்குச் செலவில் என் பங்கையும் போட்டிருக்கிறார்கள். அதைக் கட்டிவிட்டேன். சரக்கைப் பார்க்காமல் விற்றதற்குத் தண்டனை என்று வைத்துக்கொண்டேன். ஆனால் இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நேற்று நடந்தது.

மற்ற பதினாறு பேரையும் நேற்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கு வரச் சொல்லியிருந்தேன். பதினான்கு வீட்டிலிருந்து வந்தார்கள். பொங்கல் பரிசு ஏதோ தரப் போகிறேன் என்று நினைத்துச் சிலர் பையோடு வந்திருந்தார்கள். மாரிராஜ் கடைக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். யாராவது கல்லை எடுத்தால் என்ன செய்வது என்று அவருக்குப் பயம்.

எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் வீட்டில் இருப்பது பழைய சாமான், புதுசு என்று நான்தான் விற்றேன், எனக்கும் தெரியாது, ஆனாலும் நான்தான் என்றேன். ஒரு ஆள், "எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தா கூப்பிட்டு வச்சுச் சொல்லுவ" என்று சத்தம் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். வெயிலம்மாள் அவரைக் கையமர்த்திவிட்டு எழுந்தாள்.

"இப்பம் நாங்க கேசு போட்டா, அன்னைக்கு தூத்துக்குடியில வந்து சொன்ன மாதிரி எங்களுக்கும் வந்து சொல்லுவியா, மாட்டியா? அத மட்டும் சொல்லு."

"பதினாறு தடவ வந்து சொல்லுதேன்" என்றேன்.

அவள்தான் முதலில் பெயர் கொடுத்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். சத்தம் போட்ட ஆள் கடைசியாக வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இந்துஜாவிடம் சொல், மனு எழுத ஆள் போதாது. நீயும் வா. நீ எழுதினால் இந்துஜா நிறுத்தச் சொன்ன இடத்தில் நிற்காது, ஆனாலும் வா.

எல்லாரும் போன பிறகும் வெயிலம்மாள் போகவில்லை. அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அந்த மிக்ஸி என்ன வெல?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "இங்கனயா வாங்கப் போற?" என்று கேட்டேன்.

"பெறகு எங்கன போவ? நம்பரப் பாத்து பில்லு போடு."

பெட்டியைப் பிரித்து, மிக்ஸியைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் இருந்த எண்ணை அவள் பக்கத்திலேயே நின்று கம்பெனிக்குப் போன் போட்டு வாசித்தேன். எதை அழுத்தினால் ஆள் பேசும் என்று இப்போது எனக்கு மனப்பாடம். புதுசுதான் என்றார்கள். அவளும் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டாள். பில் போட்டேன். எண்ணையும் பில்லிலேயே எழுதிக் கொடுத்தேன், நஸீமா.

அவள் மிக்ஸியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து போனாள். நானும் மாரிராஜும் அவள் சந்து திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தோம்.

சுகுணா